நெற்றிக்கு வந்த கை

1

பர்மிங்ஹாமில் காலை ஐந்து இருபது. போனைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை வேட்டி.

திண்டிவனத்தில் என் அக்கா செல்வியின் வீட்டுக் கூடத்தில், கயிறு கட்டி அந்த வேட்டியைத் திரைபோலத் தொங்கவிட்டிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஸ்டூலின் மேல் இரவல் வாங்கிய லேப்டாப். படத்தை அனுப்பியவள் அக்காவின் மகள் பவித்ரா. கீழே ஒரு வரி: "மாமா, பேக்ரவுண்ட் ஓகேவா?"

அந்தச் சுவர் எனக்குத் தெரிந்ததுதான். வழக்கமாக அதில் ஜவுளிக்கடை நாட்காட்டியும் அங்காளம்மன் படமும் கரண்ட் பில் குத்திய கம்பியும் இருக்கும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள். சுவரின் ஒரு ஓரத்தில் சமையலறைக்குப் போகும் வழி இருக்கிறது. அதற்குக் கதவு கிடையாது. ஆணிகளையும் அந்த வழியையும் சேர்த்து மறைக்கத்தான் வேட்டி. அவர்கள் வீட்டில் மொத்தம் இரண்டே கதவுகள். முன்பக்கம் ஒன்று, தோட்டத்துப் பக்கம் ஒன்று.

"ஓகே" என்று பதில் அனுப்பினேன். அங்கே மணி பத்தாவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. பத்துக்குத் தேர்வு.

சென்னையில் அலுவலகம் வைத்திருக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வேலைக்கான தேர்வு அது. படித்த பாடத்தில் ஒரு கேள்வியும் வராது. எண் வரிசைகள், வடிவங்கள், ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்து அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்ற கேள்விகள். அறிவாற்றல் தேர்வு என்று சொல்கிறார்கள். மனிதன் எவ்வளவு வேகமாக யோசிக்கிறான் என்பதை அளப்பதாகச் சொல்லப்படுகிறது. தேறியவர்களை மட்டுமே நேர்முகத்துக்கு அழைப்பார்கள். பட்டம் முடித்து இரண்டு வருடம் தாண்டியவர்களுக்கு விண்ணப்பப் பக்கமே திறக்காது. பவித்ரா கணிதம் முடித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. மற்ற நிறுவனங்களிலும் கிட்டத்தட்ட இதே விதிதான். இது தவறினால் அவளுக்கு அடுத்தது இல்லை.

2

நான் விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் நிருபராகப் பத்து வருடத்துக்கும் மேல் இருந்தவன். மனைவி செவிலியர். அவளுக்கு பர்மிங்ஹாமில் மருத்துவமனை வேலை கிடைத்தபோது மகன் கவினோடு மூவரும் இங்கே வந்தோம். விசாவில் நான் 'சார்ந்திருப்பவர்'. இப்போது அந்த நிலை மாறிவிட்டது. அந்தச் சொல் மட்டும் பல படிவங்களில் இன்னும் தொடர்கிறது.

வந்த புதிதில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கு விண்ணப்பித்தேன். அதற்கும் இந்த மாதிரி ஒரு தேர்வு. ஒரு கேள்வியில் 'ஃபோர்ட்நைட்' என்ற சொல் வந்தது. இரண்டு வாரத்தை அவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான்கு இரவு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். கணக்கு சரி, விடை தவறு. வேலை கிடைக்கவில்லை. காரணம் கேட்டு எழுதினேன். காரணம் சொல்வது தங்கள் வழக்கமில்லை என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது.

இப்போது நான் இருப்பது தேர்வு வைப்பவர்கள் பக்கம். உலகம் முழுக்க வீட்டிலிருந்தபடி வேலைத் தேர்வு எழுதுகிறவர்களை அவர்கள் கேமரா வழியே ஒரு மென்பொருள் கவனிக்கிறது. சந்தேகம் வந்த இடத்தில் சிவப்புக் கோடு போட்டு, முன்னும் பின்னும் சில விநாடிகளை வெட்டி எங்களுக்கு அனுப்புகிறது. பார்த்துவிட்டு ஒரு பட்டியலிலிருந்து காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது நபர். போன். ஒலி. பார்வை விலகல். பொருள் கைமாறியது. அவ்வளவுதான். என்ன நடந்தது என்று எழுத அங்கே இடம் இல்லை. யார், எங்கே, எப்போது, ஏன் என்று எழுதிப் பழகிய கைக்கு அது வினோதமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

நாள் முழுக்க வீடுகளைப் பார்க்கிறேன். ஒரு கட்டிலும் ஒரு மேசையும் உள்ள அறைகள். ஆறு பேர் படுத்திருக்கும் அறைகள். மின்சாரம் போய் முகம் இருட்டில் மறைவது. யாரோ ஒருவரின் கை சத்தமில்லாமல் ஒரு டீ டம்ளரை வைத்துவிட்டுப் போவது. டம்ளருக்குப் 'பொருள் கைமாறியது'. வைத்தவருக்கு 'இரண்டாவது நபர்'. சிவப்புக் கோடு பெரும்பாலும் பலர் ஒரே அறையில் இருக்கும் வீடுகளில்தான் விழுகிறது. இதை ஒருமுறை மேற்பார்வையாளர் ஹெலனிடம் சொன்னேன். நல்ல பெண்மணி.

"விதிமுறையில் தனி அறை என்று தெளிவாகப் போட்டிருக்கிறோமே" என்றார்.

"தனி அறை இல்லாதவர்கள்?"

"நூலகத்துக்குப் போகலாம்" என்றார். அவர் கேலி செய்யவில்லை.

பவித்ரா எழுதிய தேர்வு எங்கள் நிறுவனத்துடையது அல்ல. ஆனால் எல்லாவற்றுக்கும் அமைப்பு ஒன்றே.

3

விழுப்புரத்தில் அரசு வேலைத் தேர்வு நாட்களில் செய்தி சேகரிக்கப் போவேன். படம் எடுக்க வேண்டிய இடம் பள்ளியின் இரும்புக் கேட். உள்ளே போகிறவனின் நெற்றியில் அம்மாவோ மனைவியோ விபூதி வைப்பார்கள். கைக்குழந்தையை வாங்கிக்கொள்வார்கள். பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்ப்பார்கள். மணி அடித்ததும் காவலர் கேட்டை இழுத்துச் சாத்துவார். வெளியே இருப்பவர்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார்கள். உள்ளே என்ன நடந்தாலும் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. அது அவர்களுக்கும் தெரியும். வருடம் தவறாமல் அதே படத்தைப் போட்டோம். இந்தத் தேர்வு முறை வந்தபோது அந்தக் கேட் இல்லாமல் போயிற்று என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை.

பவித்ரா பல மாதங்களாகத் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் போய்ப் படித்தாள். புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் பயிற்சி வகுப்பு. கேக் வேகும் வாசனையில்தான் எண் வரிசை நடத்துவார்களாம். எண்ணில் அவளுக்குத் தடுமாற்றம் இல்லை. ஆங்கிலப் பத்திகள்தான் சிக்கல். படகுப் போட்டி, பனிச்சறுக்கு, வீட்டுக் கடன் காப்பீடு என்று வரும்.

"படகுப் போட்டியில யார் ஜெயிச்சாங்கன்னு கேட்டா சொல்லிடுவேன் மாமா. ஆனா அந்தாளு எதுக்கு எதிர்க்காத்துல போறான்னே எனக்குப் புரியல" என்பாள்.

வடிவங்களைக் கவின் சொல்லிக்கொடுத்தான். அவனுக்குப் பதினேழு வயது. தமிழ் கேட்டால் புரியும், பேச வராது. ஞாயிறுகளில் நான் போனைப் பிடித்துக்கொள்ள, இருவரும் முக்கோணங்களைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். "ரொட்டேட்... பிளாக் ஒன் மூவ்ஸ்..." என்பான் அவன். "ஆமா ஆமா, இது சுத்துது, அது நவுருது" என்பாள் இவள். பிறந்ததிலிருந்து அவர்கள் இருவரும் அதிகமாகப் பேசிக்கொண்டது அந்தச் சில வாரங்களில்தான். வகுப்பு முடிந்ததும் கவின் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். ஒருமுறை என்னிடம், "ஷி இஸ் ரியலி குட். வாட்ஸ் ஹெர் நேம் அகெய்ன்?" என்று கேட்டான்.

தேர்வுக்கு முந்தைய வாரம் அக்காவுக்கும் அவள் கணவருக்கும் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். விதிகள் நிறைய. எல்லாவற்றையும் சொன்னால் குழம்புவார்கள் என்று இரண்டாகச் சுருக்கினேன். எழுதும் நேரத்தில் வீட்டில் யார் பேச்சுச் சத்தமும் கேட்கக் கூடாது. கேமராவில் அவள் முகத்தைத் தவிர வேறு முகம் தெரியக் கூடாது.

4

தேர்வுக்கு முந்தைய நாள் அமாவாசை. அக்கா அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகாமல் இருந்ததில்லை. இரவு அங்கே தங்கி, நள்ளிரவில் அம்மனை ஊஞ்சலில் பார்த்துவிட்டு, விடியற்காலை பஸ் பிடித்து எட்டு மணிக்குள் வந்து, விபூதி வைத்து மகளைத் தேர்வுக்கு உட்கார வைப்பதாகத் திட்டம்.

தேர்வு தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தபோது, இங்கே ஐந்து ஐம்பதுக்கு, ஏழுமலை மாமாவிடமிருந்து அழைப்பு வந்தது. அக்காவின் கணவர். மார்க்கெட்டில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அன்று வண்டி எடுக்கவில்லை.

"மச்சான், நான் தெருவுல நின்னுக்கினு இருக்கேன். பொண்ணு உள்ள எழுதிக்கினு இருக்கா. ஒரு ஈ காக்கா உள்ள போவாது."

"நீங்க ஏன் மாமா வெயில்ல நிக்கிறீங்க?"

"கூடத்துல நின்னா கேமரா புடிச்சுக்கும்னு நீதான சொன்ன? இரு இரு, ஒருத்தன் வர்றான்."

பழைய இரும்பு, பித்தளை, பிளாஸ்டிக் என்று பதிவு செய்த குரல் ஒன்று நெருங்கி வந்தது.

"யோவ், ஸ்பீக்கர அமுக்குய்யா! பரீட்ச நடக்குது."

"இங்க எங்கண்ணே ஸ்கூலு?"

"வூட்லதான்யா. கம்ப்யூட்டர் பரீட்ச."

"வூட்டுக்குள்ள எழுதுறதுக்கு ரோட்ல யாவாரம் பண்ணக் கூடாதா? நல்லா கீதுண்ணே உங்க பேஜாரு."

"ஜல்தி போய்யா. சாயங்காலம் வா. ஒரு ஓட்ட அண்டா கீது, உனுக்கே தர்றேன்."

குரல் நின்றது. வண்டி நகர்ந்து போகும் சத்தம் கேட்டது.

"அக்கா வந்துட்டாளா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். கூட்டத்துல பஸ்ஸே நவுரலன்னு போன் பண்ணா. ஒம்போதே முக்காலுக்குத்தான் செஞ்சி தாண்டுச்சாம். வந்தா வரட்டும், நான் முன்வாசல்லதான நிக்கிறேன். பார்த்துக்கறேன்."

அவர் முன்வாசலில்தான் நின்றார். கடைசிவரை நகரவில்லை.

5

இங்கே ஆறரைக்குப் பவித்ரா வீடியோவில் வந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றி முழுக்க விபூதி. ஒரு புருவத்திலும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"சூப்பரா பண்ணியிருக்கேன் மாமா. எல்லாக் கேள்வியும் தொட்டுட்டேன். கவின்கிட்ட சொல்லுங்க, அந்தச் சுத்துற முக்கோணம் அப்படியே வந்துச்சு."

"நல்லது. அம்மா எப்ப வந்தாங்க?"

"நடுவுலயே வந்துடுச்சு. ஷேப்ஸ் ஓடிக்கினு இருந்தப்ப வந்து துண்ணூறு வெச்சிட்டுப் போச்சு."

"எழுதுறப்பவா?" என்றேன். அக்கா போனை வாங்கிக்கொண்டாள். இரவெல்லாம் விழித்த முகம், ஆனால் களைப்பு தெரியவில்லை.

"ஒரு வார்த்த பேசலடா நான். தோட்டத்துப் பக்கமா வந்தேன். கொலுசு சத்தம் போடும்னு அதக் கூட கழட்டி அடுப்பாண்ட வெச்சுட்டேன். வேட்டிக்குப் பின்னால குந்திக்கினு, கைய மட்டும் வுட்டு நெத்தியில வெச்சேன். என் மூஞ்சி தெரியவே இல்ல. வேணும்னா அவளக் கேளு."

"முடிஞ்சப்புறம் வெச்சிருக்கலாமேக்கா?"

"நல்லா கேட்ட போ! எழுதி முடிச்சவளுக்கு எதுக்குடா துண்ணூறு? மலையனூர்ல வாங்கினா கீழ வைக்காம நெத்திக்குத்தான் வரணும். செஞ்சியில இருந்து நின்னுக்கினே வந்தேன், ஒரு கையால கம்பியப் புடிச்சுக்கினு, ஒரு கையில இத மூடிக்கினு. கண்டக்டர் சில்லற குடுத்தான், வாங்கறதுக்குக் கை இல்ல. மடியில போடுடா தம்பின்னேன்."

நான் சொன்னது இரண்டு விதிகள். அக்கா இரண்டையும் மீறவில்லை.

பவித்ராவிடம் கேட்டேன். "கை வந்தப்ப நீ திரும்பினியா?"

"இல்ல மாமா. குனிஞ்சேன். கண்ண மூடினேன். அவ்ளோதான்."

யாரும் அதைத்தான் செய்வார்கள். விபூதி வைக்கக் கை வந்தால் எங்கள் ஊரில் தலை தானாகக் குனியும், கண் தானாக மூடும். அதற்கு யோசிக்க வேண்டியதில்லை.

நான் அதை என் வேலைக் கண்ணோடு மனதில் ஓட்டிப் பார்த்தேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை வருகிறது. முகத்தை மறைக்கிறது. தேர்வர் குனிகிறார், கண்ணை மூடுகிறார். கை திரும்பிப் போகிறது.

"அதுக்கப்புறம்தான்டா அவ சரசரன்னு போட்டாளாம்" என்றாள் அக்கா. "அதுவரைக்கும் ஒண்ணுமே ஓடலியாம். சாமி நேரத்துக்கு வந்து சேந்துச்சு."

பவித்ராவும் தலையாட்டினாள். அது உண்மையாகவே இருக்கலாம். அம்மா வந்துவிட்டாள் என்று தெரிந்ததும் பதற்றம் போயிருக்கும். மென்பொருளுக்கு அந்த வேகம் வேறு விதமாகத் தெரியும். கை வந்து போன பிறகு விடைகள் விரைவாக வந்தன என்றால், கை எதையோ கொண்டுவந்திருக்கிறது.

மாமா உள்ளே வந்து, எனக்குத் தெரியும்படி கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். அண்டாவைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சரி. ரிசல்ட் வரட்டும்" என்றேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்கள் சில நாள் மகிழ்ச்சியாக இருந்ததும் போயிருக்கும்.

6

மறுநாள் இணையப் பக்கத்தில் 'தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியவர்' என்று வந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில் 'சரிபார்ப்பில்'. பவித்ரா மேல் வரியை மட்டும் வெட்டி எனக்கு அனுப்பினாள். மாமா தெருவுக்கு லட்டு கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. தேர்வின் நேர்மை குறித்த விதிமீறல் காரணமாக முடிவு செல்லாததாக்கப்படுகிறது. ஒரு வருடத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க முடியாது. தங்கள் எதிர்கால முயற்சிகளுக்கு வாழ்த்துகள்.

பவித்ரா மொட்டை மாடிக்குப் போய் எனக்குப் போன் செய்தாள். காற்றுச் சத்தம் கேட்டது.

"மாமா, இதுல இன்டெக்ரிட்டின்னு போட்டிருக்காங்களே, என்ன அர்த்தத்துல?"

"நேர்மை."

"என் நேர்மையா?"

"ஆமா."

"நான் தாண்டிட்டேன்தான? மார்க்கு தாண்டிட்டேன்தான?" என்று கேட்டாள். தாண்டிவிட்டாய் என்று சொன்னேன்.

ஒரு வருடம் கழித்து அந்த நிறுவனத்தின் விண்ணப்பப் பக்கம் அவளுக்குத் திறக்காது. அதை அவள் என்னிடம் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

மேல்முறையீட்டுக்கு ஒரு பெட்டி இருந்தது. ஆங்கிலத்தில் சில வரிகள் மட்டும் எழுதலாம். நான் எழுதியதைக் கவினிடம் காட்டினேன். கட்டிலில் படுத்தபடியே படித்தான்.

"'ஆஷ்'னு எழுதாதீங்க அப்பா. சிகரெட்னு நினைப்பாங்க" என்றான், ஆங்கிலத்தில்.

"புனிதச் சாம்பல்னு போடலாமா?"

"சாம்பல்னா யாரோ செத்துட்டாங்கன்னு ஆயிடும். 'ரெலிஜியஸ் பவுடர்'?" என்றவன், தானே சிரித்தான். "நோ. தட்ஸ் வர்ஸ்."

கடைசியில், அவளுடைய தாய் கோயிலிலிருந்து வந்து மகளை ஆசீர்வதித்தார், கையில் எதுவும் கொடுக்கவில்லை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் நெற்றியில் வெள்ளைக் கோடு தெரியும் என்று எழுதினோம். செய்தி எழுதிய காலத்தில் இதைவிடச் சுருக்கமாக ஒரு உண்மையை நான் எழுதியதாக நினைவில்லை.

எழுந்து வரும்போது கவின், "ஷி ஷுட் ஹாவ் லாக்ட் த டோர்" என்றான்.

"கதவு இல்லைடா அங்கே."

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவனும் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாரக்கடைசி வேலைக்காக இதுபோன்ற தேர்வு எழுதியவன். அப்போது விடை பார்க்க லேப்டாப்புக்குப் பின்னால் ஒரு போனைச் சாய்த்து வைத்திருந்ததாகச் சொன்னான். அவன் நண்பர்கள் எல்லோரும் அப்படித்தானாம். சொல்லும்போது குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"யாரும் பார்க்கலையா?"

"ஹூ கம்ஸ் இன்டு மை ரூம்?" என்றான்.

மேல்முறையீட்டுக்கு அன்றே பதில் வந்தது. அனுப்பிவிட்டுப் போட்ட தேநீரை நான் குடித்து முடித்திருக்கவில்லை. வழக்கு கவனமாக மறுபரிசீலனை செய்யப்பட்டது. முடிவில் மாற்றம் இல்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துறையின் பெயர் இருந்தது.

மறுநாள் வேலையில், ஹெலனிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். மத வழக்கமாக நெற்றியில் ஒருவர் திருநீறு வைத்தால் எந்தக் காரணத்தில் சேர்ப்பது?

"இரண்டாவது நபர்" என்றார். கொஞ்சம் யோசித்து, "முகம் மறைந்தால் அதையும் சேர்க்கலாம்" என்றார்.

7

பவித்ரா மறுபடி அழைத்தாள்.

"அம்மாகிட்ட மார்க் பத்தலன்னு சொல்லிட்டேன் மாமா. நீங்களும் அதையே சொல்லுங்க."

"தாண்டிட்டன்னு முன்னாடி சொன்னியே?"

"அது மொத ரவுண்டு, அடுத்ததுல போயிடுச்சுன்னு சொல்லிட்டேன். அப்பாவுக்கும் அதான்."

"ஏம்மா இப்படி?"

"பின்ன என்ன சொல்ல சொல்றீங்க? உன் கைதான்மான்னு சொல்லவா? அதுக்கப்புறம் அது எந்தக் கோயிலுக்குப் போவும்?"

இதையெல்லாம் எழுதலாமா என்று பிறகு அவளிடம் கேட்டேன். "பேர மாத்திட்டு எழுதுங்க. அம்மா இதெல்லாம் எங்க படிக்கப் போவுது" என்றாள். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு அக்கா பேசினாள். எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டாள்.

"பாத்தியாடா உன் மருமகள? அத்தினி மாசம் விழுப்புரத்துக்கு பஸ்ல போயிப் போயிப் படிச்சா. நாலு கட்டம் போட்டுக் காட்டி அஞ்சாவது என்னான்னு கேட்டா தெரியலியாம். கணக்குல டிகிரி வேற. தெருவுக்கே லட்டு குடுத்தாரு இவ அப்பன். இப்ப எதிர்வூட்டுக்காரி கேக்குறா, எப்ப வேலைக்குப் போவுதுன்னு. என்னான்னு சொல்வேன்?"

"கஷ்டமான தேர்வுக்கா அது. நிறைய பேருக்கு வராது."

"என்னாடா கஷ்டம்? நான் ராத்திரி பூரா நின்னு, கீழ வைக்காம எடுத்தாந்து வெச்சேன். அங்காளம்மாவே நேர்ல வந்து நெத்தியில வெச்சாலும் மண்டையில இருந்தாத்தான வரும்?"

போனில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கவில்லை. கழுவிக்கொண்டிருந்தது யார் என்று நான் கேட்கவில்லை.

"இன்னும் ஒரு தடவ எழுத சொல்லுடா. நீ சொன்னா கேப்பா."

"சொல்றேன்க்கா" என்றேன்.

இங்கே வந்த பிறகு ஊருக்கு நான் சொல்லிய பொய்கள் பெரும்பாலும் குளிரைப் பற்றியும் வேலையைப் பற்றியும்தான். குளிர் அவ்வளவு இல்லை, வேலை பரவாயில்லை. யாருக்கும் நஷ்டமில்லாத பொய்கள். இது அப்படிப்பட்டதல்ல. ஆனால் இதை உடைத்தால் உடையப்போவது என்ன என்று பவித்ரா எனக்கு முன்பே யோசித்து முடித்திருந்தாள். தேர்வு வைத்தவர்கள் அளக்க விரும்பிய யோசிக்கும் வேகம் அதுவாகவும் இருக்கலாம். எந்தத் திரையிலும் அது பதிவாகவில்லை.

கவினிடம் முடிவைச் சொன்னேன். "தட்ஸ் நாட் ஃபேர்" என்றான். அவளுக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். உடைந்த இதயம் ஒன்று, முக்கோணம் ஒன்று. அவள் பதிலுக்குச் சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினாள். ஞாயிறுகளில் இப்போது அவர்களுக்குப் பேச எதுவும் இல்லை. அந்த நேரத்தில் அவன் சூப்பர் மார்க்கெட்டில் இருக்கிறான்.

நேற்று என் பங்குக்கு வந்த காணொளிகளில் ஒன்றில், வயதான ஒருவர் தேர்வருக்குப் பின்னால் கட்டிலில் புரண்டு படுத்தார். இரண்டாவது நபர். அடுத்ததற்குப் போனேன்.

பவித்ரா இந்த மாதம் விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கிறாள். சுடிதார் பிரிவு. சேரும்போது தேர்வு எதுவும் வைக்கவில்லை. ஆதார் நகலும் இரண்டு போட்டோவும் கேட்டார்கள்.